மரத்தை மண்ணாக்கும் சிற்றுயிர்கள்

உதகைக்குப் போகும் மலை ரயிலில் லவ்டேல் ஸ்டேஷனில் இறங்கி நடந்தோமானால், கற்பூர மரத்துச் சருகுகள் காலடியில் நொறுங்குகின்றன. 1843-ம் வருஷம் நீலகிரிக்கு வந்த அன்னிய மரம் இது. ஆண்டுதோறும் உதிரும் இலையும் பட்டையும் சுள்ளியும் மலைபோல் குவிந்துவிடாமல் எங்கே மறைகின்றன?

மரத்துக்கு உறுதி தருவது லிக்னின். செங்கற்களைக் காரை பிடிப்பதுபோல அது நார்களைப் பிடித்து நிற்கிறது. மரத்தின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு அதுவே. எளிதில் மக்காத இப்பொருளை முதலில் தாக்குவன காளான்கள். உடைந்த துண்டுகளை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் உண்கின்றன. அவற்றுள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற இனமே, முதல் மழையில் நாம் நுகரும் மண்வாசனையையும் தருவது! ரோடோகாக்கஸ் என்ற மற்றொன்றிடம், லிக்னினையே சிதைக்கும் நொதி இருப்பதை 2011-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். மலைக் குளிரில் இவ்வேலை மெதுவாகவே நடக்கும். ஆயினும் மண் கறுத்துச் செழிக்கிறது.

சமவெளியிலும் இதே வித்தைதான். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட், நம் குடியானவர்களைத் தம் ஆசான்களாகக் கொண்டவர். கடினமான பருத்தி மாரைப் பாதையில் பரப்பி, வண்டிச் சக்கரங்களால் நொறுங்கச் செய்தார். பிறகு சாணம், சாம்பல், மண் கலந்து குவித்துக் கிளறிவிட, சுமார் மூன்று மாதத்தில் உரம் தயாராயிற்று.

சருகுக்குத் தீ வைத்தால் அதிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி புகையாய்ப் போய்விடும். கொல்லையில் ஒரு குழி வெட்டி, இச்சிற்றுயிர்களிடம் அதை ஒப்படைப்போம். கூலி கேளாத வேலைக்காரர்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்?