உங்கள் பங்குகள் எங்கே இருக்கின்றன? கம்ப்யூட்டரில் நீங்களே பார்க்கலாம்

படாளம் பக்கம் ‘பங்கு’ என்ற சொல்லை யாருக்கும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே உள்ள இந்த ஊரில்தான் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆலைக்குக் கரும்பு அனுப்பும் விவசாயிகள் பலர் பங்குத் தொகை கட்டி உறுப்பினர் ஆனவர்கள். அந்தப் பங்கின் விலை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஓர் ஓட்டுத்தான். யார் உறுப்பினர், யார் இல்லை என்று சந்தேகம் வந்தால் சங்கத்தின் பதிவேட்டைப் புரட்டினால் போதும்.

வீட்டிற்குக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வந்த பிறகு இன்னொரு வகைப் பங்கு நம் கண்ணில் படத் தொடங்குகிறது. மும்பை பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை ஆகியவற்றில் விற்று வாங்கப்படும் கம்பெனிப் பங்குகள். இவற்றின் விலை நொடிக்கு நொடி திரையில் மாறுகிறது. பச்சை எழுத்தில் லாபம், சிவப்பு எழுத்தில் நட்டம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் இந்தத் திரையைத்தான் தங்கள் சொத்து என்று எண்ணிக் கொள்கிறார்கள். அது சொத்து அல்ல. அது ஒரு நிறுவனம் உங்களுக்குக் காட்டும் படம். இந்தப் பங்குகளுக்கும் ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் உங்கள் பெயர் இருந்தால்தான் பங்கு உங்களுடையது.

அந்தப் பதிவேடு யாரிடம்?

முன்பெல்லாம் பங்கு என்றால் காகிதச் சான்றிதழ். விற்றால் அதனுடன் கையெழுத்திட்ட படிவத்தை இணைத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். கையெழுத்து சற்று மாறியிருந்தால் திரும்பி வந்துவிடும். வழியில் தொலைந்து போனதும் உண்டு, போலிச் சான்றிதழ் கிடைத்ததும் உண்டு. இந்தத் தொல்லைகளைப் போக்கவே 1996ல் டெபாசிட்டரி சட்டம் கொண்டு வரப்பட்டது. அதே ஆண்டு என்.எஸ்.டி.எல். நிறுவனமும், 1999ல் சி.டி.எஸ்.எல். நிறுவனமும் செயல்படத் தொடங்கின. நாட்டில் உள்ள டிமேட் கணக்குகள் அனைத்தும் இந்த இரண்டில் ஒன்றின் பதிவேட்டில்தான் இருக்கின்றன. நீங்கள் கணக்குத் தொடங்கிய வங்கியோ புரோக்கர் நிறுவனமோ இடையில் நிற்கும் முகவர் மட்டுமே.

உங்கள் கணக்கு எதில் உள்ளது என்று அறிய யாரையும் கேட்க வேண்டாம். 16 இலக்க டிமேட் எண்ணைப் பாருங்கள். ‘ஐ’, ‘என்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்களுடன் தொடங்கினால் அது என்.எஸ்.டி.எல். பதினாறும் எண்களாகவே இருந்தால் சி.டி.எஸ்.எல்.

முகவரின் திரைக்கும் பதிவேட்டுக்கும் வேறுபாடு வருமா? வந்திருக்கிறது. 2019 நவம்பரில் ஐதராபாத்தைச் சேர்ந்த கார்வி ஸ்டாக் புரோக்கிங் நிறுவனத்தின் மீது செபி நடவடிக்கை எடுத்தது. 95,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் 2,300 கோடி ரூபாய்க்கும் அதிகமான பங்குகளைத் தன் கணக்கிற்கு மாற்றி, அவற்றை அடகு வைத்து அந்நிறுவனம் கடன் வாங்கியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. டிசம்பர் தொடக்கத்தில் சுமார் 83,000 பேருக்கு என்.எஸ்.டி.எல். மூலம் பங்குகள் திருப்பித் தரப்பட்டன. மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. கார்வி அன்று ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த பெரிய நிறுவனம் என்பதை நினைவில் கொள்ளவும். பெயர் பெரியது என்பதற்காகப் பதிவேட்டைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

மாதம் ஒரு பைல்

பார்ப்பது மிக எளிது. உங்கள் பான் எண்ணின் பேரில் உள்ள எல்லா டிமேட் கணக்குகளையும், மியூச்சுவல் பண்டு முதலீடுகளையும் ஒன்றாகத் தொகுத்து டெபாசிட்டரி ஒரு அறிக்கை அனுப்புகிறது. இதனை ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை என்பார்கள், சுருக்கமாக ‘காஸ்’. ஒரு மாதத்தில் ஏதேனும் வாங்கியோ விற்றோ இருந்தால் அடுத்த மாதத்தில் இமெயிலில் வந்துவிடும். எதுவும் செய்யாவிட்டால் ஆறு மாதத்திற்கு ஒரு முறை வரும்.

இது பி.டி.எப். பைலாக, பாஸ்வேர்ட் போட்டு வரும். பாஸ்வேர்ட் உங்கள் பான் எண்தான். எழுத்துக்கள் அனைத்தும் கேபிடல் எழுத்துக்களாக இருக்க வேண்டும். கீ போர்டில் கேப்ஸ் லாக் கீயை அழுத்திவிட்டு டைப் செய்திடவும். சிறிய எழுத்தில் டைப் செய்துவிட்டு, பைல் கெட்டுப் போய்விட்டது என்று அழித்துவிடுபவர்கள் உண்டு.

பைல் திறந்தவுடன் முதலில் தெரியும் மொத்த மதிப்பைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே ஒவ்வொரு கம்பெனியின் பெயருக்கும் எதிரே எத்தனை பங்குகள் என்ற எண்ணிக்கை இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். விலை மாறும், எண்ணிக்கை நீங்கள் சொல்லாமல் மாறக் கூடாது. அடகில் உள்ள பங்குகள் தனியே காட்டப்பட்டிருக்கும். நீங்கள் எதையும் அடகு வைக்காதபோது அங்கே ஒரு எண் இருந்தால் உடனே விசாரிக்கவும். மை டாக்குமெண்ட்ஸில் ஒரு போல்டர் உருவாக்கி, மாதவாரியாக இந்த பைல்களைச் சேமித்து வைத்தால் முந்தைய மாதத்துடன் ஒப்பிடுவது சுலபம்.

அறிக்கை வரும்வரை காத்திருக்க மனமில்லையா? சி.டி.எஸ்.எல். தளத்தில் ‘ஈசி’ என்ற வசதியும், என்.எஸ்.டி.எல். தளத்தில் ‘ஐடியாஸ்’ என்ற வசதியும் இலவசமாகத் தரப்பட்டுள்ளன. டிமேட் எண், பான் எண் போன்ற விவரங்களைத் தந்து பதிவு செய்தால் மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். அதன்பின் எந்த நேரமும் பதிவேட்டை நேராகப் பார்க்கலாம். 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும், வாங்கிய மறு வேலை நாளிலேயே பட்டுவாடா என்ற முறை வந்துவிட்டது. திங்கட்கிழமை வாங்கிய பங்கு, விடுமுறை இல்லாவிட்டால், செவ்வாய் மாலைக்குள் உங்கள் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். புதன்கிழமை காலை பார்த்தும் இல்லையென்றால் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறிய ஊர்களில், ‘நான் பார்த்துக் கொள்கிறேன் சார்’ என்று கணக்குத் தொடங்கித் தருபவர், உங்களுக்கு இமெயில் இல்லை என்று தன்னுடைய முகவரியையே கொடுத்துவிடுவது உண்டு. மொபைல் எண்ணும் சில நேரம் அவருடையதாக இருக்கும். அப்படியானால் அறிக்கை, ஓ.டி.பி., பங்கு விற்கப்பட்டது என்ற எஸ்.எம்.எஸ். எல்லாம் அவருக்கே போகும். உங்கள் வீட்டுப் பத்திரத்தைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வருவது போலத்தான் இது. கம்ப்யூட்டர் வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்களுக்கென்று ஒரு இமெயில் முகவரி உருவாக்கி, டிமேட் கணக்கில் அதையும் உங்கள் மொபைல் எண்ணையும் பதிவு செய்வதுதான்.

பதிவேட்டில் இல்லாத லாபம்

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் போலி வர்த்தகத் தளங்கள். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு குழுவில் உங்களைச் சேர்ப்பார்கள். தினமும் ஒரு பங்கின் பெயர், கூடவே நாலு பேரின் நன்றி. பிறகு ஒரு லிங்க் வரும். க்ளிக் செய்தால் உண்மையான புரோக்கர் தளம் போலவே இருக்கும். விலைகள் ஓடும், வரைபடம் ஏறும். பணத்தை ஒரு வங்கிக் கணக்கிற்கு அனுப்பச் சொல்வார்கள். பத்தாயிரம் கட்டினால் ஒரு வாரத்தில் பதினான்காயிரம் என்று திரையில் காட்டும். நம்பிக்கை வருவதற்காக முதலில் கொஞ்சம் பணத்தை எடுக்கவும் விடுவார்கள். பெரிய தொகை கட்டிய பிறகு எடுக்கப் போனால், வரி கட்ட வேண்டும், கமிஷன் கட்ட வேண்டும் என்று மேலும் பணம் கேட்பார்கள்.

திரையை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்த ஏமாற்று தெரியாது. பதிவேட்டைப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். நீங்கள் வாங்கியதாகச் சொல்லப்படும் பங்கு ஈசியிலோ ஐடியாஸிலோ இருக்காது. பங்குச் சந்தையிடமிருந்து வர வேண்டிய எஸ்.எம்.எஸ். வந்திருக்காது. உண்மையில் பங்கு வாங்கினால் புரோக்கர் 24 மணி நேரத்திற்குள் கான்ட்ராக்ட் நோட் தர வேண்டும். சந்தையும் தனியே தகவல் அனுப்பும். மறுநாள் டெபாசிட்டரியில் பங்கு சேரும். மூன்று தனித்தனி இடங்களிலிருந்து ஒரே தகவல். மூன்றையும் ஒருவரே போலியாகத் தயாரிப்பது அவ்வளவு சுலபமல்ல.

பணம் கட்டும் முன்பே சோதிக்கவும் வழி உண்டு. செபி தளத்தில் பதிவு பெற்ற புரோக்கர்கள் பட்டியல் இருக்கிறது. ‘ஐஎன்இசட்’ என்று தொடங்கும் பதிவு எண்ணை அதில் தேடிப் பார்க்கவும். எண்ணையே திருடிப் போட்டிருப்பார்கள் என்பதால் அந்த நிறுவனத்தின் இணைய முகவரியும் பொருந்துகிறதா என்று பார்ப்பது நல்லது. 2025 அக்டோபர் முதல் செபி இன்னொரு ஏற்பாடும் செய்துள்ளது. பதிவு பெற்ற நிறுவனங்களின் யு.பி.ஐ. முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின் ‘வேலிட்’ என்ற சொல்லும், அதையடுத்து வங்கியின் பெயரும் இருக்கும். ‘செபி செக்’ என்ற வசதியில் அந்த முகவரியைத் தந்து சரி பார்க்கலாம். பணம் ஒரு தனி நபரின் பெயரில் உள்ள கணக்கிற்குப் போக வேண்டும் என்றால் மேலே ஆராய வேண்டியதே இல்லை, பிரவுசரை மூடிவிடுங்கள்.

செய்திக்கும் மூலம் உண்டு

பொருளாதாரச் செய்திகளிலும் இதே கதைதான். தலைப்பு ஒரு திரை. மூல அறிவிப்பு பதிவேடு. கரும்பையே எடுத்துக் கொள்வோம். 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை, 2024–25 பருவத்திற்குக் கரும்பின் விலையைக் குவிண்டாலுக்கு 340 ரூபாய் என்று நிர்ணயித்தது. தலைப்புகளில் 340தான் வந்தது. அரசின் பத்திரிகை தகவல் அலுவலகத் தளத்தில் உள்ள முழு அறிவிப்பைப் படித்தால், அந்த விலை 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு, அதாவது நூறு கிலோ கரும்பில் பத்தேகால் கிலோ சர்க்கரை கிடைத்தால், என்று இருக்கும். 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள ஆலைகளுக்கு 315 ரூபாய் 10 காசு. தமிழ்நாட்டில் பல ஆலைகளின் பிழிதிறன் இந்த அளவைத் தாண்டுவதில்லை என்பது கரும்பு போடுபவர்களுக்குத் தெரியும். டன்னுக்கு 3,400 என்று கணக்குப் போட்டவர் கையில் 3,151 என்றால் வேறுபாடு சிறியதா? அதோடு, கரும்பு விலை உயர்வு விவசாயிக்கு வரவு, ஆலைக்குச் செலவு. கரும்பும் போட்டு, சந்தையில் ஒரு தனியார் சர்க்கரைக் கம்பெனியின் பங்கும் வைத்திருப்பவருக்கு ஒரே செய்தி இரண்டு பக்கமும் வெட்டும்.

2023 டிசம்பர் 7 அன்று, கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் தயாரிக்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டபோது சர்க்கரைக் கம்பெனிகளின் பங்குகள் சரிந்தன. எத்தனாலே நின்றுவிட்டது என்று பலர் பேசினார்கள். ஆணை அப்படிச் சொல்லவில்லை. ஏற்கனவே ஒப்புக் கொண்ட அளவிற்கு ஒரு வகை மொலாசஸிலிருந்து தயாரிக்க அனுமதி இருந்தது. ஒரே வாரத்தில் தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் இறுதியில், அடுத்த எத்தனால் ஆண்டிற்கு அது நீக்கவும் பட்டது. ஆணையைப் படித்தவரும் நட்டம் அடைந்திருக்கலாம். ஆனால் எதற்காக விற்கிறோம் என்று தெரிந்து விற்றிருப்பார்.

கம்பெனிச் செய்தி எனில் மும்பை பங்குச் சந்தையின் தளத்தில் ‘கார்ப்பரேட் அனவுன்ஸ்மெண்ட்ஸ்’ என்ற பகுதிக்குச் சென்று கம்பெனியின் பெயரை டைப் செய்திடவும். லாபக் கணக்கு, டிவிடெண்ட், பெரிய ஆர்டர் என எதுவாக இருந்தாலும் கம்பெனி அங்கே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. வாட்ஸ்அப்பில் வந்த ‘ரகசியத் தகவல்’ அங்கே இல்லையென்றால் அது பொய்யாக இருக்கும். உண்மையாகவே ரகசியமாக இருந்தால் அதை வைத்துப் பங்கு வாங்குவது குற்றம். இரண்டு வகையிலும் உங்களுக்கு வேண்டாம்.

இந்தத் தளங்களை ஒவ்வொரு முறையும் தேடு தளத்தில் தேடாமல், முகவரியை ஒரு முறை சரியாக டைப் செய்து புக்மார்க்கில் போட்டு வைக்கவும். தேடினால் முதலில் வருவது விளம்பரமாகவோ, ஒரு எழுத்து மாறிய போலியாகவோ இருக்கக் கூடும். உதவி செய்கிறேன் என்று போனில் பேசுபவர் உங்கள் கம்ப்யூட்டரை அங்கிருந்தே இயக்கும் சாப்ட்வேர் ஒன்றை இன்ஸ்டால் செய்யச் சொன்னால் மறுத்துவிடவும்.

பதிவேட்டில் தவறு தெரிந்தால் முதலில் புரோக்கருக்கு இமெயிலில் எழுதவும். போனில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. பதில் திருப்தியில்லை என்றால் செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளத்தில் புகார் பதியலாம். 21 நாட்களுக்குள் நிறுவனம் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும். ஆனால் போலித் தளத்தில் பணத்தை விட்டவர்களுக்கு ஸ்கோர்ஸ் உதவாது, அந்த ஆட்கள் செபியில் பதிவு பெற்றவர்களே அல்ல. அவர்கள் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் வங்கியில் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு என்பதால், பணம் போன அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே செய்வது நல்லது.