பருத்திக் கொழுந்து வெண்டை இலையாகிப் போனால்

புரட்டாசி பிறந்ததும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “சார், பருத்தியில வைரஸ் வந்திருச்சு. கொழுந்தெல்லாம் சுருங்கிப் போச்சு. கடைக்காரர் நாலு மருந்து கொடுத்திருக்காரு. எதை முதல்ல அடிக்கட்டும்?” எதையும் அடிக்காதீர்கள், நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் முதல் டேங்கைக் காலி செய்திருப்பார்கள்.

பெரம்பலூர் பக்கம் ஒரே வரப்பின் ஒரு புறம் மக்காச்சோளமும் மறுபுறம் பருத்தியும் நிற்பது சாதாரணம். சென்ற ஆண்டு அப்படி ஒரு காட்டில் நுனிக் கொழுந்தைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அகலமாக விரிய வேண்டிய இலை, வெண்டை இலை போல விரல் விரலாகக் கிழிந்து நீண்டிருந்தது. நரம்புகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இணையாக ஓடின. அதே செடியின் அடியிலிருந்த பழைய இலைகள் கையகலத்தில், ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. இலையைப் புரட்டினேன். வெள்ளை ஈ இல்லை, அசுவினி இல்லை. மேற்கு வரப்பை ஒட்டிய எட்டு வரிசைகளில் ஒரு செடிகூடத் தப்பவில்லை. கிழக்கே போகப் போகப் பாதிப்பு குறைந்துகொண்டே வந்தது. வரப்புக்கு மேற்கே பக்கத்துக்காரரின் மக்காச்சோளம்.

வைரஸ் இப்படி வரப்பை ஒட்டி வரிசை பிடித்து வராது. இது மக்காச்சோளத்துக் களைக்கு அடித்த 2,4-டி.

இதைப் பிரித்துப் பார்க்க, களைக்கொல்லி செடிக்குள் எப்படிப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இலையின் மேல் மெழுகுப் பூச்சு ஒன்று இருக்கிறது. அடித்த மருந்து அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். 2,4-டியின் சோடியம் சால்ட்டும் அமைன் சால்ட்டும் நீரில் கரைபவை, மெழுகை மெதுவாகத்தான் கடக்கும். அடித்து நாலைந்து மணி நேரத்துக்குள் மழை பெய்தால் வீண். ஈதைல் எஸ்டர் எண்ணெய்த் தன்மை கொண்டது, வேகமாக ஊடுருவும். உள்ளே போனதும், இலை தயாரித்த சர்க்கரை எந்தப் பாதையில் ஓடுகிறதோ அதே பாதையில் மருந்தும் ஓடி, வளர்ச்சி நடக்கும் இடங்களான நுனி, மொட்டு, வேர் ஆகியவற்றில் போய்ச் சேரும். 2,4-டி என்பது செடியின் சொந்த வளர்ச்சி ஊக்கியான ஆக்சினின் போலி. செடிக்கு அசலும் போலியும் தெரியாது. வளர்ச்சி தறிகெட்டுப் போகும். மக்காச்சோளம் புல் இனம். அதன் குருத்து இலை உறைக்குள் ஒளிந்திருக்கிறது. உள்ளே போன மருந்தையும் அது சீக்கிரம் சிதைத்துவிடும். பருத்தி, தக்காளி, வெண்டை, திராட்சைக்கு அந்தத் திறன் இல்லை. பருத்திக்குக் களைக்குப் போடும் அளவே வேண்டியதில்லை, அதில் மிகச் சிறு பங்கு பட்டாலே போதும்.

பழைய இலை நன்றாக இருந்ததன் காரணமும் இதுதான். அது வளர்ந்து முடித்த இலை. மருந்து பட்ட நாளில் குருத்துக்குள் உருவாகிக்கொண்டிருந்த இலைகள்தான் விரலாகி வெளியே வருகின்றன. எனவே பாதிப்பு கண்ணில் படும்போது, மருந்து பட்டுச் சில நாட்கள் ஆகியிருக்கும். பக்கத்துக்காரர் எந்தத் தேதியில் அடித்தார் என்று அன்றே கேட்டு எழுதி வைக்காவிட்டால், பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

எல்லாக் களைக்கொல்லியும் இப்படி நடப்பதில்லை. பாராகுவாட் செடிக்குள் அதிகம் ஓடாது. பட்ட பச்சையை வெயிலில் கருக்கும், கோரைக் கிழங்கைத் தொடாது, மறுபடி முளைக்கும். கிளைபோசேட் இலை வழியே இறங்கிக் கிழங்கு வரை போகும். ஆனால் அடித்த மறுநாளே கோரையை அறுத்துவிட்டால் எப்படிப் போகும்? கலங்கல் தண்ணீரில் கலந்தால் இந்த இரண்டுமே மண் துகளில் ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். “மருந்து வேலை செய்யல, டூப்ளிகேட்” என்று வரும் புகார்கள் சிலவற்றின் பின்னால் வாய்க்கால் தண்ணீர்தான் இருக்கிறது. கிளைபோசேட்டுக்குத் தேயிலைத் தோட்டத்திலும் பயிரில்லாத நிலத்திலும் மட்டுமே அனுமதி. அதையும் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள்தான் அடிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. யாரும் கேட்காததால் அதைப் பருத்தி வரிசைக்கு நடுவே அடிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். நெல்லுக்குப் போடும் பிரெட்டிலாகுளோர், மானாவாரிக்குப் போடும் பென்டிமெத்தலின் போன்றவை களை முளைக்கும்போதே மண்ணின் மேல்படலத்தில் அதைப் பிடிப்பவை. ஈரம் இல்லாமல் அவை வேலை செய்யா. அட்ரசின் வேர் வழியே ஏறும். மக்காச்சோளம் அதைச் செரித்துவிடும். அடுத்து விதைக்கும் உளுந்து செரிக்காது.

இப்போது டேங்குக்கு வருகிறேன். பக்கத்துக்காரர் மேல் பழி போடும் முன் உங்கள் தெளிப்பானைப் பாருங்கள். பாதிப்பு வரப்போரம் மட்டும் இல்லாமல் காடு முழுக்க ஒரே சீராக இருந்தால், நீங்கள் பூச்சிமருந்து அடித்த டேங்கில் 2,4-டி மிச்சம் இருந்திருக்கிறது என்றுதான் பொருள். ஒரு குடம் தண்ணீர் விட்டு ஒரு குலுக்குக் குலுக்கினால் அது போகாது. ரப்பர் ஹோஸிலும் வாஷரிலும் நாசில் வலையிலும் ஒட்டியிருக்கும். மூன்று முறை அலசி, சலவை சோடா கரைசலை இரவெல்லாம் ஊறவைத்து, மறுநாள் ஹோஸ் வழியே அடித்து வெளியேற்றி, மறுபடி அலச வேண்டும். இவ்வளவு செய்த பிறகும் அந்த டேங்கைப் பருத்திக்கோ காய்கறிக்கோ தூக்காதீர்கள். களைக்கொல்லிக்கு என்று தனி டேங்க் வையுங்கள். அதன் மேல் சிவப்புப் பெயின்ட் பூசுங்கள். வாடகைக்கு எடுக்கும் பவர் ஸ்பிரேயரில் முந்தைய நாள் என்ன அடித்தார்கள் என்று கேட்காமல் கை வைக்காதீர்கள். தனி டேங்க் வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள், வாங்கியவர்கள் மிகச் சிலர்.

2,4-டி அடிப்பவர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. காற்றில்லாத நேரத்தில், விசிறி நாசில் போட்டு, தாழ்வாகப் பிடித்து அடியுங்கள். பருத்திக்குப் பக்கத்தில் எஸ்டர் வேண்டவே வேண்டாம். அடித்த பிறகும் வெயில் சூட்டில் அது ஆவியாகி நகரும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

சரி, பாதிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில், எதையும் அடிக்காதீர்கள், எதையும் பிடுங்காதீர்கள். உள்ளே போன மருந்தை வெளியே எடுக்கும் மருந்து கிடையாது. புதிதாக வரும் கொழுந்து நேராக வருகிறதா என்று சில நாள் பாருங்கள். லேசான பாதிப்பிலிருந்து செடி மீண்டு வருவதுண்டு. அதற்குள் தேதி தெரியும்படி புகைப்படம் எடுங்கள்: விரலான கொழுந்து, அதே செடியின் பழைய இலை, வரப்பிலிருந்து உள்ளே போகும் வரிசைகள், பக்கத்துக் காடு. எத்தனை வரிசை, எந்தத் திசை, அன்று காற்று எப்படி என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

மறுநாளே வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு மனு எழுதுங்கள். தக்காளி, திராட்சை என்றால் தோட்டக்கலை உதவி இயக்குநருக்கு. நகலை மாவட்டத்திலுள்ள தரக்கட்டுப்பாடு உதவி இயக்குநருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் அனுப்புங்கள். சர்வே எண், பயிர், ரகம், விதைத்த தேதி, மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் எண், பாதிப்பு தெரிந்த தேதி எல்லாம் அதில் வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் கையொப்பமும் வாங்காமல் எழுந்து வராதீர்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது சொல்லாததற்குச் சமம். “ஆள் வரும், போங்க” என்று அனுப்பிவிட்டு, செடி காய்ந்தபின் வந்து “ஒண்ணும் தெரியலையே” என்று கையை விரிக்கும் அலுவலகங்களை நான் பார்த்துச் சலித்துவிட்டேன். வரவில்லையா? மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் அந்த நகலை நீட்டுங்கள். பிறகும் அசையவில்லையா? என் மனு மேல் என்ன நடவடிக்கை என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் வாங்குங்கள். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் நின்றது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பக்கத்துக்காரர் அடித்ததால் வந்த சேதத்தில் இதுவும் வேளாண் அறிவியல் நிலையத்தார் பார்வையிட்ட குறிப்பும்தான் உங்கள் பலம். ஊர்ப் பெரியவர்கள் முன் பேசி முடித்தாலும் எழுத்தில் முடியுங்கள். முடியாவிட்டால் அது சிவில் நீதிமன்ற வழக்கு. பயிர்க் காப்பீட்டில் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தவிர்த்திருக்கக்கூடிய இந்த வகைச் சேதத்துக்கு அத்திட்டத்தில் இடமில்லை.

கடைக்காரர் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார், அல்லது மருந்தே கலப்படம் என்று சந்தேகமா? பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள், 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின் கீழ்தான் களைக்கொல்லியும் வருகிறது. அதன்படி பூச்சிக்கொல்லி ஆய்வாளர் கடையிலிருந்து மாதிரி எடுத்து மூன்று பங்காக்கிச் சீல் வைத்து ஆய்வுக்கு அனுப்ப முடியும். நீங்கள் திறந்த பாட்டிலை “இது நான் விற்றதே இல்லை” என்று கடைக்காரர் சொல்லலாம். அதே பேட்ச்சின் திறக்காத பாட்டில் கடையில் இருக்கும்போதே மாதிரி எடுக்க வைக்க வேண்டும். அந்தப் பேட்ச் விற்றுத் தீர்ந்தபின் மனு கொடுப்பதில் பெரிய பயனில்லை.

பில் இல்லாமல் இதில் ஒன்றும் நடக்காது. மருந்துக்குப் பில் கொடுப்பது கடைக்காரரின் சட்டக் கடமை. துண்டுச் சீட்டு பில் ஆகாது. கடனுக்கு வாங்கினாலும் பேட்ச் எண், உரிமம் எண் போட்ட பில் கேளுங்கள்.

பில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விதை வழக்கொன்றில் 2012இல் உச்ச நீதிமன்றம் விவசாயியும் நுகர்வோரே என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. கேட்கும் இழப்பீட்டை வைத்துக் கட்டணம் கணக்கிடுவதில்லை என்பதைப் பலர் அறியாமல் பயந்து ஒதுங்குகிறார்கள். கெடு 2 ஆண்டு. சந்தேகம் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

மிச்ச மருந்தை அந்தப் பாட்டிலிலேயே, லேபிளோடு, மூடி இறுக்கி, குழந்தைகள் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். சாட்சிக்கு என்று கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்ததை நான் ஒரு வீட்டில் பிடுங்கிக் கீழே வைத்திருக்கிறேன். பாராகுவாட்டுக்கு விஷமுறிவு மருந்து கிடையாது, ஒரு வாய் போதும் உயிர் போக. யாராவது விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108ஐ அழையுங்கள். மருந்துப் பாட்டிலை லேபிளோடு கூடவே எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.