கொண்டையை மட்டும் பார்த்துக் கோழி வாங்காதீர்கள்

சம்பா அறுவடை முடிந்து களத்திலும் வரப்பிலும் நெல் சிந்திக் கிடக்கும் மாதங்களில், பூதலூர்ப் பக்கத்து வீடுகளில் கொல்லைக் கோழிக்குத் தீவனச் செலவு குறைவு. அதை நம்பிக் குஞ்சு வாங்குபவர்களிடம் சிறுவிடை, அசில், கருங்கோழி என்று எந்தப் பெயரைச் சொல்லியும் விற்றுவிட முடிகிறது. வாங்கியது ஜாதிக்கோழியா, கலப்பா என்பது தெரிய ஓராண்டு ஆகிவிடும். அதற்குள் பணமும் உழைப்பும் போயிருக்கும்.

பார்த்தவுடன் சொல்லிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். முடியாததற்குக் காரணம் பரம்பரை விதி. மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902இல் வில்லியம் பேட்சன் காட்டியது கோழிக் கொண்டையை வைத்துத்தான். அசில் சேவலுக்குத் தாழ்ந்து, மூன்று வரிசையாக முண்டு முண்டாக இருக்கும் பட்டாணிக் கொண்டை. அந்தப் பண்பு ஓங்கு பண்பு. அசில் சேவலை ஒற்றைக் கொண்டைப் பெட்டையோடு சேர்த்தால், முதல் தலைமுறைக் குஞ்சுகள் எல்லாமே ஏறக்குறைய அப்பனின் கொண்டையோடுதான் வளரும். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால்தான் குட்டு வெளிப்படும்: சராசரியாக நாலில் ஒன்று, பல் பல்லாக நிமிர்ந்த ஒற்றைக் கொண்டையோடு வரும். ஆகவே பட்டாணிக் கொண்டை இருப்பது சுத்த அசில் என்பதற்குச் சான்று ஆகாது. ஒற்றைக் கொண்டையோடு நிற்பதை அசில் என்று சொன்னால் மட்டும் தயங்காமல் மறுக்கலாம். அடையாளங்கள் பொய்யைப் பிடிக்க உதவும். சுத்தத்தை உறுதி செய்யாது. மயில், காகம், கீரி என்று சேவல்காரர்கள் பெயர் சொல்லும் இறகு நிறத்துக்கும் இதே கதைதான்.

மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத், நம் ஊரில் கருங்கோழி. 2018இல் அதன் இறைச்சிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; பெயர் பரவப் பரவப் போலியும் பெருகியது. இதன் கருமையும் ஓங்கு பண்பே என்பதால் கலப்புக் குஞ்சும் பல நேரம் கருத்தே இருக்கும். வாயைத் திறந்து நாக்கைப் பாருங்கள், வயிற்று இறகை விலக்கித் தோலைப் பாருங்கள். கொண்டை சிவந்தோ தோல் வெளுத்தோ இருந்தால் கலப்பு. முட்டையும் கருப்பாக இருக்கும் என்பது கட்டுக்கதை. அது வெளிர் பழுப்புதான்.

நம் கொல்லைக்கு முக்கியமானது சிறுவிடை. அதற்கென்று ஒரே நிறம் கிடையாது என்பதால் ஏமாற்றுவதும் எளிது. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா கோழிகள் பல நிற இறகோடு நாட்டுக்கோழி போலவே தெரியும். அவை நல்ல கோழிகள், முட்டையும் கூடுதலாக இடும். அவற்றைச் சிறுவிடை என்று சொல்லி விற்பதுதான் குற்றம். வித்தியாசம் அடையில் தெரியும். சிறுவிடைப் பெட்டை பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும், குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயும், பருந்து நிழல் பட்டால் குரல் கொடுக்கும். முட்டைக்காக வளர்த்தெடுத்த கோழிகளில் அந்தக் குணம் பெரும்பாலும் போய்விட்டது. அடை உட்காராத பெட்டையை வாங்கிய வீட்டில் மந்தை பெருகாது. அடுத்த ஆண்டும் காசு கொடுத்துத்தான் குஞ்சு வாங்க வேண்டும். அழுத்தமான, ஒரே சீரான பழுப்பு நிறத்தில் முட்டை இட்டாலும் சந்தேகப்படுங்கள். சிறுவிடை முட்டை சிறியது, வெளிறிய நிறத்தது.

ஆகவே ஒரு கோழியைப் பார்க்காதீர்கள், குடும்பத்தைப் பாருங்கள். தாய்க்கோழி, சேவல், முந்தைய ஈட்டுக் குஞ்சுகள் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். குஞ்சுகள் கொண்டையிலும் உடல்வாகிலும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருந்தால் கலப்பு உண்டு. இன்குபேட்டரில் பொரித்த குஞ்சு என்றாலும் முட்டை கொடுத்த மந்தை எங்கோ இருக்கத்தானே வேண்டும்? ஐயம் இருந்தால் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மந்தையைக் காட்ட மறுப்பவரிடம் என்ன பெயர் சொன்னாலும் வாங்காதீர்கள்.