அண்ணாந்து பார்க்க முடியாத விளையாட்டில் ஒரு பறக்கும் தலை

1993 டிசம்பர் 10-ம் தேதி வெளிவந்த 'டூம்' விளையாட்டில் மேலே பார்க்க வழி கிடையாது. முன்னே ஓடலாம், பின்னே நகரலாம், இடம் வலம் திரும்பலாம், சுடலாம். அண்ணாந்து பார்க்க ஒரு பொத்தானும் இல்லை, குதிக்கவும் முடியாது. அப்படிப்பட்ட விளையாட்டில் போய், காற்றில் மிதந்துவரும் பூதம் ஒன்றை விட்டுவைத்தார்கள். காக்கோடீமன் என்று பெயர். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அதை யாரும் ஓய்வு கொடுத்து அனுப்பவில்லை. 2025-ல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' வரை விடாமல் வந்துகொண்டிருக்கிறது.

செவ்வாய்க் கிரகத்துக்கு போபோஸ், டெய்மோஸ் என்று இரண்டு நிலாக்கள். டூமில் அங்கே ஆராய்ச்சி நிலையம் போட்டு, இந்த நிலாவிலிருந்து அந்த நிலாவுக்கு நொடியில் தாவ வாசல் திறக்கிறார்கள். திறந்த வாசல் வழியாக நரகம் உள்ளே வந்துவிடுகிறது. ஒற்றை ஆளாக ஒரு படைவீரன் மிச்சம். கதை அவ்வளவுதான், யாரும் கதைக்காக அதை விளையாடவும் இல்லை.

காக்கோடீமனுக்கு உடம்பு கிடையாது. சிவப்பாக, உருண்டையாக ஒரு தலை. நடுவில் ஒற்றைப் பச்சைக் கண். கொம்புகள். முகத்தின் அகலத்துக்குக் கிழிந்த வாய், திறந்தால் உள்ளே நீலம். அந்த வாயிலிருந்து மின்னல் உருண்டைகளைத் துப்பும். 1997 டிசம்பரில் டூமின் முதன்மை நிரலாளர் ஜான் கார்மாக் விளையாட்டின் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டபோது, நிரலுக்குள் இதற்கு வைத்திருந்த பெயர் தெரியவந்தது: 'ஹெட்'. வெறும் தலை. ராகுவைப் பஞ்சாங்கத்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதுசாக இருக்காது.

முகம் மட்டும் இரவல் என்கிறார்கள் ரசிகர்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்காக 1987-ல் வந்த 'மேனுவல் ஆஃப் தி பிளேன்ஸ்' புத்தகத்தின் அட்டையில் ஜெஃப் ஈஸ்லி வரைந்த பூதத்தின் தலையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒற்றைக் கண்ணும் பல்வரிசையும் அப்படியே ஒத்துப்போகின்றன. டூமை உருவாக்கிய இட் சாஃப்ட்வேர் ஆட்கள் அந்த விளையாட்டில் ஊறியவர்கள்தான். டூமின் வேறு சில பூதங்களை அவர்கள் களிமண்ணில் செய்து, கேமராவில் பிடித்து, கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார்கள். அந்த மரியாதை இந்தத் தலைக்குக் கிடைக்கவில்லை. திரையிலேயே புள்ளி புள்ளியாக வரைந்து முடித்தாயிற்று.

நம் ஆட்களில் நிறைய பேர் டூம் விளையாடியிருப்பார்கள், ஆனால் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். காரணம் எளிது. மூன்று பகுதிகளில் முதல் பகுதியை மட்டும் இலவசமாக விட்டார்கள். பிடித்திருந்தால் பணம் அனுப்பி மீதியை வாங்கிக்கொள்ள வேண்டும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டரில், கைமாறி வந்த பிளாப்பியில் விளையாடியவர்கள் டாலருக்கு எங்கே போவார்கள்? இலவசப் பகுதியில் காக்கோடீமன் வராது. இரண்டாம் பகுதியில்தான் தலைகாட்டும். அந்தப் பகுதியின் லெவல்களில் பெரும்பாலானவற்றை முடித்துக் கொடுத்தவர் சாண்டி பீட்டர்சன். 'கால் ஆஃப் கதுல்ஹு' என்ற திகில் விளையாட்டை 1981-லேயே எழுதியவர். முதல் பகுதி நடக்கும் போபோஸில் சிப்பாய்களையும் இம்ப் என்ற பூதங்களையும் சுட்டுப் பழகியவனுக்கு, டெய்மோஸில் காத்திருந்தது வேறு சங்கதி.

பொம்மனஹள்ளியில் மங்கம்மனபாளையா பக்கம் ஒரு செல்போன் சர்வீஸ் கடை. டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது, ஸ்கூல் விட்டு வந்த பையன் ஒருவன் கடைக்காரரின் பழைய லேப்டாப்பில் டூம் ஆடிக்கொண்டிருந்தான். அமிலக் குளத்துக்கு அந்தப்பக்கமிருந்து சிவப்பு உருண்டை கிளம்பியது.

"அண்ணா, புது பில்டிங்ல தொங்க வுடுவாங்களே திருஷ்டி பொம்மை, அது மாதிரியே இருக்குதுண்ணா."

"டேய், பேச்ச வுட்டுட்டு சைடுல ஓடு."

ஓடவில்லை. பூதம் தலைக்கு மேலே ஏறி மிதந்தது. கீழே இடம் காலிதானே என்று பையன் நேரே புகப் பார்த்தான். சுவரில் முட்டியதுபோல் நின்றுவிட்டான்.

"அது மேலதான இருக்குது, நான் ஏன் போகமாட்டேங்கறேன்?"

"அந்தக் காலத்து கேம் அப்படித்தான்டா. அதுக்குக் கீழ காத்தும் சுவருதான்."

கடைக்காரர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. டூம் பார்வைக்குத்தான் முப்பரிமாணம். அடியில் இருப்பது தட்டையான வரைபடம். ஒவ்வொரு இடத்துக்கும் தரை எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு உயரம் என்று இரண்டு எண்கள். ஒரு தளத்துக்கு மேல் இன்னொரு தளம் வைக்க முடியாது. கடையை விட்டு ஹோசூர் ரோட்டுக்கு வந்தால் கீழே டிராஃபிக், மேலே 2010-ல் திறந்த எலக்ட்ரானிக் சிட்டி எக்ஸ்பிரஸ்வே, கூடவே 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் லைன் மெட்ரோ. பொம்மனஹள்ளியை டூமில் வரையவே முடியாது. அன்றைய 386, 486 கம்ப்யூட்டர்களில் விளையாட்டு வேகமாக ஓட வேண்டுமென்று கார்மாக் கொடுத்த விலை இது.

அந்தச் சிக்கனத்தின் பலனைக் காக்கோடீமன் முழுசாக அனுபவிக்கிறது. ஓர் ஆள் இன்னோர் உருவத்தின்மேல் இடிக்கிறானா என்று பார்க்கும்போது நிரல் உயரத்தைக் கேட்பதே இல்லை. ஆகவே ஒவ்வொரு பூதமும் தரையிலிருந்து வானம்வரை நீளும் கம்பம். தரையில் நிற்கும் பூதங்களிடம் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. மிதக்கும் பூதத்திடம் சட்டென்று தெரிந்துவிடும். கடியும் அதே கணக்குத்தான். தூரத்தைத் தரையோடு தரையாக அளப்பதால், உச்சியில் இருந்தபடியே கீழே நிற்பவனைக் கடித்துவிடும். ஒரு கடிக்கு உயிரில் 10 முதல் 60 புள்ளி வரை போகும். கையில் இருப்பது 100.

துப்பாக்கிக்கும் பதிலுக்கு ஒரு சலுகை உண்டு. அண்ணாந்து குறிபார்க்க முடியாதல்லவா? திசை சரியாக இருந்தால் போதும். குண்டு தானாக மேலேறிப் போய்ப் படும்.

காக்கோடீமனின் உயிர் 400 புள்ளி. சாதாரண இம்ப்புக்கு 60-தான். ஷாட்கன்னால் ஆறு ரவுண்டு வாங்கிக்கொண்டுதான் விழும். ஆனால் வலி தாங்காது. அடிபடும் ஒவ்வொரு முறையும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றுவிடும். செயின்கன்னை அழுத்திப் பிடித்தால் திருப்பி ஒரு உருண்டைகூடத் துப்ப முடியாமல் சாகும். இன்னொரு பூதம் சுட்டது தவறி இதன்மேல் பட்டால், நம்மை விட்டுவிட்டு அதோடு சண்டைக்குப் போய்விடும். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக் குண்டை மிச்சம் பிடிப்பது டூம் ஆட்டக்காரர்களின் பழைய தொழில்.

என்னைக் கேட்டால் இது பயமுறுத்துகிற பூதமே இல்லை. மெதுவாக வரும், வருவது கண்ணுக்குத் தெரியும். இதன் வேலை வேறு: காலியிடத்தைப் பறிப்பது. பள்ளத்துக்கு இந்தப்பக்கம் நின்றால் பத்திரம், அமிலக் குளம் நடுவில் இருந்தால் பத்திரம் என்று ஆட்டக்காரன் போட்டுவைத்த கணக்கையெல்லாம் அழித்துக்கொண்டு வந்து நிற்கும். அதற்கு வேகமோ பலமோ வேண்டாம், மிதந்தால் போதும்.

1994-ல் வந்த 'டூம் 2' இதற்குப் பெயின் எலிமென்டல் என்று பழுப்பு நிறத்தில் ஒரு பங்காளியைக் கொடுத்தது. கூடவே இரட்டைக்குழல் ஷாட்கன்னையும் கொடுத்ததால் காக்கோடீமன் இரண்டு மூன்று வெடிக்கே சுருண்டது. 'டூம் 64'-ல் குட்டிக் கைகள் முளைத்தன, தேவையே இல்லை. 2004-ன் 'டூம் 3'-ல் வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. சதைப்பிண்டமாக, முகக்களையே போய்விட்டது. 2016-ல் பழைய சிவப்பு உருண்டை திரும்பியது. 2020-ன் 'டூம் எடர்னல்' அதை ஒரு பூட்டாக மாற்றியது: வாயைத் திறக்கும் நேரம் பார்த்துக் கையெறிகுண்டைப் போட்டால் விழுங்கிவிட்டு மயங்கி நிற்கும், தாவிப்போய்க் கண்ணைப் பிடுங்கலாம். கைதட்ட வைக்கிற ஏற்பாடு. ஆனால் சாவி தெரிந்தபிறகு பூட்டில் என்ன மர்மம்?

இன்றைக்கு ஒரு பூதத்தின் தோலையும் பல்லையும் செதுக்க ஒரு பட்டாளமே வேலை செய்கிறது. அதில் பெங்களூருக்கும் பங்குண்டு. ராஜேஷ் ராவ் 1997-ல் இங்கே தொடங்கிய துருவா இன்டராக்டிவ் வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு உருவங்கள் செய்து கொடுத்தே வளர்ந்தது. 2019-ல் ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் அதை வாங்கியது.

மூலநிரல் கைக்கு வந்தபிறகு ரசிகர்கள் பழைய டூமைத் தட்டி நிமிர்த்தினார்கள். அண்ணாந்து பார்க்கலாம், குதிக்கலாம், மிதக்கும் பூதத்துக்குக் கீழே புகுந்து போகலாம். ரத்தத்தின் நிறத்தைக்கூட விடவில்லை. செத்தால் உள்ளே நீலம் தெரிகிற பூதத்துக்கு, சுடும்போது மட்டும் சிவப்பு ரத்தம் தெறிக்கும். எல்லாப் பூதங்களுக்கும் ஒரே ரத்தப் படத்தைப் பொதுவாக வைத்திருந்ததால் வந்த வினை. அதையும் நீலமாக்கினார்கள். ஆனால் பூதங்களின் வானளாவிய உயரத்தை நம்பிக் கட்டிய பழைய லெவல்கள், அதை நீக்கியதும் சப்பென்று போயின. அதனால் ஜீஇசட்டூம் போன்ற திருத்திய பதிப்புகளின் செட்டிங்ஸில், பூதங்களுக்குப் பழையபடி எல்லையில்லாத உயரத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்.