மகப்பேற்று விருப்பமும் எச்.ஐ.வி. தொற்றும்: கொங்கு வட்டாரப் பின்புலத்தில் ஒரு விளக்கம்

முன்னுரை

மக்களைப் பெறுதலைத் தமிழ் மரபு 'பேறு' என்னும் சொல்லால் சுட்டுகிறது. திருக்குறள் இதற்குத் தனி அதிகாரம் வகுத்துள்ளது. பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூற்றுப் பாடல் (188), செல்வம் நிறைந்திருப்பினும் மக்கள் இல்லாத வாழ்வு பயனற்றது என்கிறது. இம்மதிப்பீடு நிலவும் சமூகத்தில், எச்.ஐ.வி. தொற்றுள்ளோரின் குழந்தை விருப்பத்தை எவ்வாறு புரிந்துகொள்வது என்பதைத் தாராபுரம் உள்ளிட்ட கொங்கு வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

இரு பழிகள்

கொங்கு வழக்கில் பிள்ளை இல்லாதவளை 'வறடி' என்பர். திருச்செங்கோட்டுப் பகுதியைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) புதினம், குழந்தையில்லாத இணையர் உறவினரிடையிலும் ஊராரிடையிலும் எதிர்கொள்ளும் இழிவை விரித்துரைக்கிறது. தொற்றுள்ள இணையருக்கு இப்பழியோடு நோய்ப்பழியும் சேர்கிறது. முன்னது வெளிப்படையானது, பின்னது மறைக்கப்படுவது. அமராவதிக் கரையிலுள்ள தாராபுரம் போன்ற சிறுநகரில், "இன்னும் விசேஷம் இல்லையா?" என்ற வினா எளிதில் எழும். அதற்கு உண்மையான விடை கூறின் நோய் வெளிப்படும். கூறாவிடின் பெண்ணே குறையுடையவளாகக் கருதப்படுவாள். எனவே குழந்தை விருப்பத்தில் அன்பு, குலத் தொடர்ச்சி, முதுமைக்கால ஆதரவு ஆகியவற்றோடு மறைகாப்பும் அடங்கியுள்ளது. அதனை அறியாமை என்று ஒதுக்குவது பொருந்தாது.

மருத்துவ மாற்றம்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. மருத்துவத் தடுப்பு இல்லாத நிலையில், கருவுற்ற காலம் முதல் தாய்ப்பாலூட்டும் காலம் வரை தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. அன்றைய சூழலில் மகப்பேற்றைத் தவிர்க்குமாறு கூறுவதே அறிவுரையாக அமைந்தது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. 2014 முதல் தொற்றுள்ள கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் வாழ்நாள் சிகிச்சை வழங்கப்படுகிறது. முறையான சிகிச்சையும் சேய்க்குரிய தடுப்பு மருந்தும் இத்தொற்று வாய்ப்பை 5 விழுக்காட்டிற்குக் கீழ்க் குறைக்கின்றன. எனினும் குழந்தைக்குத் தொற்றில்லை என்பதை 18ஆம் மாதப் பரிசோதனையே உறுதிசெய்கிறது. அதுவரை பெற்றோர் அச்சத்தோடு காத்திருக்க நேரிடுகிறது.

உரிமை

தொற்றுள்ள பெண்களின் குரலைப் பொதுவெளிக்குக் கொணர்ந்த 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' 1998இல் தமிழ்நாட்டில் தோன்றியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான பி. கௌசல்யா நாமக்கல்லைச் சேர்ந்தவர். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், தொற்றுள்ள கருவுற்ற பெண்ணுக்கு அவளது தெளிந்த இசைவின்றிக் கருக்கலைப்போ கருத்தடையோ செய்தலைத் தடுக்கிறது. மகப்பேறு குறித்த முடிவு அவளுக்கு உரியது என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

மருத்துவமும் சட்டமும் மாறியுள்ளன. ஆற்றுப்படுத்தும் மொழியும் மாறுதல் வேண்டும். விருப்பம் கேட்கப்படாதபோது அது மறைவதில்லை. மருத்துவத் துணையின்றி மறைவில் நிறைவேற முயல்கிறது. அதனால் தாய், சேய், துணைவர் மூவருக்கும் தீங்கு நேரலாம். நம்பிக்கை மையங்களில் "குழந்தை பெற விரும்புகிறீர்களா?" என்ற வினா பழிப்பின்றி முன்வைக்கப்படின், இரத்தத்தில் வைரசின் அளவு கட்டுப்பட்ட பின் கருத்தரிக்கத் திட்டமிட இயலும். குழந்தை வேண்டாம் என முடிவெடுப்போருக்கும் அவ்வினா இடமளிக்கும். பிள்ளையின்மையைப் பழியாக்கும் சொல்வழக்கு மாறும்போதுதான் இவ்விரு முடிவுகளும் உண்மையான தெரிவுகளாக அமையும்.