புரை நீங்கிய பின்

முதியோர் கண்ணிற் புரை வளர்வதை யாவரும் அறிவர். புரையோடு பிறக்கும் குழந்தைகளும் உளர் என்பதைப் பலர் அறியார். கண்மணியின் நடுவே வெண்மை தோன்றுதல் அதன் அடையாளங்களுள் ஒன்று.

முதியவரின் புரையை அகற்றினால் அவர் கண்டு பழகிய உலகம் மீண்டும் தெரிகின்றது. குழந்தையோ இன்னும் பார்க்கக் கற்கவில்லை. கண் ஒளியை ஏற்கின்றது. உருவத்தை அறிவது மூளை. இளமையில் தெளிவான உருவம் சென்று சேராவிடின், மூளை அக்கண்ணைப் புறக்கணித்துவிடும். ஹியூபெல், வீசெல் என்னும் அறிஞர் இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வளர்த்து இவ்வுண்மையைக் கண்டு, 1963இல் வெளியிட்டனர். பார்வை பற்றிய அவர்தம் ஆய்வுகளுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆதலின் சத்திரசிகிச்சைக்குக் காலம் முக்கியமாகும். ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த புரை இருப்பின், பிறந்து 4 முதல் 6 வாரங்களுள் அதனை அகற்றுதல் நன்று என்பர். மிக முந்தினாற் கண்ணழுத்த நோய்க்கு இடமுண்டு. பிந்தினாற் பார்வை குன்றும்.

புரையோடு கண்ணின் வில்லையும் நீங்குகின்றது. அதற்கு ஈடாகக் கருவிழிமேல் அணியும் தொடுவில்லையோ, உள்ளே பொருத்தும் செயற்கை வில்லையோ வேண்டும். இவற்றுள் எது சிறந்தது? அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய ஆய்வொன்று, ஒரு கண்ணிற் புரையுடைய 114 சிசுக்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தது. பத்தரை வயதிற் சோதிக்கப்பட்ட 110 பிள்ளைகளுள் 27 பேருக்கு அக்கண்ணில் நல்ல பார்வை இருந்தது. 50 பேருக்கு மிகக் குறைவாகவே இருந்தது. இரு பிரிவுக்கும் பார்வையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால், செயற்கை வில்லை பெற்றோருக்கே மறு சத்திரசிகிச்சைகள் அதிகம் தேவைப்பட்டன. பத்தாண்டுகளுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கண்ணழுத்த நோயும் கண்டது.

ஆகவே, சத்திரசிகிச்சை முடிவன்று, தொடக்கமே. நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மறைத்து, மெலிந்த கண்ணைப் பயிற்றுதல் வேண்டும். குழந்தை அழும், மறைப்பைப் பிய்த்தெறியும். ஆண்டுக்கணக்கில் நீளும் இப்பணி பெற்றோருடையது. கண்ணழுத்த நோய் பல ஆண்டுகள் கழித்து, நோவின்றியும் வரக்கூடும். ஆதலால், பிள்ளை நன்றாகப் பார்க்கின்றதெனத் தோன்றினும், கண் வைத்தியரிடம் காட்டுவதை ஒருபோதும் நிறுத்தலாகாது.