விடுமுறைக் கொப்பி

கோடை விடுமுறை என்னும் சொற்றொடரைத் தமிழகத்துச் சஞ்சிகைகளில் வாசித்தே நம்மவரிற் பலர் வளர்ந்தோம். வெயில் ஏறத் தொடங்கியதும் உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் குடும்பம் குடும்பமாகப் புறப்படுவதும், பெட்டி கட்டுமிடத்துக் கணவனும் மனைவியும் பூசலிடுவதும் அச்சஞ்சிகைகளின் நகைச்சுவைப் பக்கங்களுக்கு வற்றாத ஊற்று. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கோ அவ்வாறான நெடுங்கோடை ஏது? மூன்று தவணைகளின் முடிவிலும் சில வாரங்கள் வாய்க்கும், அவ்வளவே. ஆனால் ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் கேளாமலே நீண்ட விடுமுறை ஒன்று வந்து சேருகின்றது. சாதாரண தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேறு வருமட்டும் மாதக் கணக்கிற் காத்திருக்கும் இளைஞரையே குறிப்பிடுகின்றோம். அந்த மாதங்களில் அவர்கள் எதைத்தான் எண்ணுகின்றனர்?

சித்திரை மாதத்திலொரு நாள், கற்பிட்டித் துறையிலிருந்து உச்சமுனைக்குப் படகேறிய போது இதற்கு விடை நமக்கு எதிர்பாராமற் கிடைத்தது.

கற்பிட்டியைக் காணாத நேயர்களுக்கு ஒரு சொல். புத்தளத்துக்கு அண்மையிலுள்ள பாலாவியிற் பிரிந்து வடக்கே செல்லும் வீதி, ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் பெருங்கடலுமாகக் கிடக்கும் நீண்ட மணற் குடாநாட்டின் வழியே ஓடி, ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கோட்டையருகே நம்மைக் கொண்டுபோய் விடும். கோட்டையில் இன்று கடற்படையினர் இருக்கின்றனர். அதற்கப்பால் படகுதான். அங்கே சிதறிக் கிடக்கும் பதினான்கு தீவுகளுள் ஒன்றாக உச்சமுனையையும் எண்ணுவர். பரப்பு ஏறக்குறைய 450 ஹெக்டயர்.

படகை ஓட்டியவரின் மருமகன் அணியத்தில் அமர்ந்து ஒரு கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். வயது பதினாறு இருக்கும். "என்ன தம்பி, கவிதையா?" என்றோம். "இல்லை ஐயா, சும்மா" என்று முதலில் மறைத்தான். பின்னர், "பேரைப் போடாமல் எழுதினால் வாசியுங்கோ" என்று தானே நீட்டினான். வாக்களித்தபடி பெயரை விடுத்து, நினைவில் நின்றவற்றை மட்டும் கூறுகின்றோம்.

"பள்ளிக்கூடம் இருந்த நாளில், இன்றைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று எவரும் கேட்டதில்லை. இப்போது அம்மா விடிந்தவுடன் கேட்கிறா" என்று ஒரு பக்கம் தொடங்கியது. அடுத்த பக்கம் கற்பிட்டி வீதிகளில் உரிமையோடு உலாவும் கழுதைகளைப் பற்றியது. அவற்றுக்குப் பள்ளிக்கூடமுமில்லை, பரீட்சையுமில்லை. ஆயினும் ஒன்றின் முகத்திலாவது விடுமுறைக் களையைக் காணவில்லையே, ஏன் என்று வினவியிருந்தான். நாமும் யோசித்துப் பார்த்தோம், விடை புலப்படவில்லை. 1344இல் புத்தளத்திற் கரையிறங்கிய இபின் பதூதாவைப் பற்றியும் ஒரு குறிப்பு. ஊர் ஊராகத் திரிவதே தொழிலாகக் கொண்டவர் ஓய்வு வேண்டுமென்றால் என்ன செய்திருப்பார், வீட்டிலிருந்திருப்பாரோ என்பது பையனின் ஐயம். சரித்திர ஆசிரியர்கள் இத்தகைய வினாக்களை விரும்புவதில்லை. நமக்கோ மிகவும் பிடித்துவிட்டது.

பிறகு திட்டம். அவ்வூராரின் ஆண்டை நாட்காட்டி வகுப்பதில்லை, காற்று வகுக்கின்றது. வாடைக் காலத்தில் மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். கரைவலை இழுப்பதும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஓங்கில்களையும் திமிங்கிலங்களையும் காட்டப் பயணிகளைக் கடலுக்கு அழைத்துச் செல்வதும் அப்போதுதான். மே மாதமளவிற் சோழகம் பிறந்ததும் கடல் கொந்தளிக்கும். மேற்குக் கரை மீனவரிற் பலர் வாடிகளைப் பிரித்துக்கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் பெயர்வர். அதே காற்றை நாடி, பெரும் பட்டமொன்றைப் பற்றியவாறு பலகைமீது நின்று நீரில் வழுக்கி ஓடும் விளையாட்டுக்காக ஐரோப்பியர் வந்திறங்குவர்.

எனவே கொப்பியில் எழுதியிருந்த ஒழுங்கு இது: சோழகத்துக்கு முன் மாமாவுடன் ஓங்கில் காட்டப் போவது, சோழகத்திற் பட்டப் பலகை பழகி, அதைக் கற்பிக்கும் வேலை தேடுவது, ஆகஸ்டில் தலவிலப் புனித அன்னம்மாள் திருநாளுக்கு அம்மாவோடு போவது. அதன்கீழ் "பெறுபேறு வந்த பிறகு" என்று எழுதி, எதிரே வெற்றிடம் விடப்பட்டிருந்தது.

அவ்வெற்றிடத்தைப் பற்றி விசாரித்தபோது படகோட்டியே முந்திக்கொண்டார். "தாய் புத்தளத்திலே பெரியம்மா வீட்டில் நின்று உயர்தரம் படிக்கச் சொல்லுகிறா. படிக்கட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எனக்கும் ஒரு கை வேணுமே ஐயா" என்றார். அவர் கணக்கும் பொய்யன்று. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்ந்தபோது, கடலுக்குப் போவதா கரையிலிருப்பதா என்று பலரும் திகைத்தனர். 2019இன் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளும் அடுத்த ஆண்டின் கொள்ளைநோயும் பயணிகளின் வரவை முன்னரே குறைத்திருந்தன. கூலிக்கு ஆள் வைத்துத் தொழில் நடத்த எல்லோராலும் இயலுமா?

பையனின் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. சிறு வயதிற் குடும்பம் சோழகத்தோடு முல்லைத்தீவுக்குப் பெயர்ந்தபோது ஒரு தவணை முழுவதையும் இழந்தானாம். "திரும்பி வந்தபோது கணக்கிலே பின்னங்கள் முடிந்துவிட்டன. இன்னும் எனக்குப் பின்னம் வராது" என்று சிரித்தான். அவன் தாய் மறக்கவில்லை என்பது அவர் பிடிவாதத்திலிருந்து தெரிகின்றது. காற்றோடு பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் எங்கே அறுந்ததோ அங்கேயே மீண்டும் முடிச்சிட நம் பள்ளிக்கூடங்கள் இன்னும் தக்க வழி காணவேண்டும் என்பது நம் எண்ணம். நிற்க.

அப்போது ஓங்கில்கள் வந்துவிட்டன. ஒன்றிரண்டல்ல. நீரைக் கிழித்தெழுந்து, பம்பரம்போற் சுழன்று, படாரென்று விழுந்தன. நாற்பது வரை எண்ணிவிட்டு நாம் கைவிட்டோம். பையன் எண்ணவில்லை. அவன் வேறு திசையிற் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கந்தான் பார். முருகைக்கல் எல்லாம் 1998இல் ஒருமுறையும் 2016இல் ஒருமுறையும் வெளுத்துப் போனதாம். சூடு என்று மாமா சொன்னார். சூடென்றால் மற்றக் கடலெல்லாம் சூடில்லையா? ஏன் சிலது பிழைத்தது?" என்றான்.

1992இற் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பவளப் பார் அது. தண்ணீர் வழமைக்கு மேல் வெப்பமுறும்போது பவள உயிரிகள் தம்முள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளுக்கின்றன என்ற அளவுக்கே நம்மாற் சொல்ல முடிந்தது. சில ஏன் பிழைத்தன என்பதற்கு நாம் விழித்தோம். தேசிய நீரகவள ஆராய்ச்சி நிலையமாகிய நாராவின் கிளை கற்பிட்டியிலேயே உண்டென்றும், மாத்தறையில் றுகுணுப் பல்கலைக்கழகத்திற் கடலியலுக்கெனவே ஒரு பீடம் உண்டென்றும் கூறினோம்.

"அதற்கு உயர்தரத்திலே உயிரியல் எடுக்க வேணுமா ஐயா?"

"எடுத்தால் நல்லது."

"பின்னம் வருமா அதிலே?"

வரும் என்றோம். பொய் சொல்ல மனம் வரவில்லை.

மாமனார் எஞ்சினை முடுக்கினார். அந்த இரைச்சலிற் பேச்சு நின்றது. மேற்கிலிருந்து திடீரென ஒரு சுழற்காற்று வீசி நீர்த்திவலைகளை வாரி இறைக்கவே, "சோழகம் இம்முறை முந்தி வரும் போல" என்று அவர் உரக்கச் சொன்னார். பையன் கொப்பியைச் சட்டைக்குள் திணித்து, நனையாதபடி இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.